வெயில் மிகுந்த இடத்தில் புதிய பள்ளிக் கட்டடம்: எதை முதலில் தீர்மானிப்பது?

கேள்வி: குழு_உறுப்பினர்

எங்கள் பள்ளிக்கு 12 வகுப்பறைகளுடன் இரண்டு தளக் கட்டடம் ஒன்றை எழுப்ப இருக்கிறோம். ஆண்டின் பெரும்பகுதி வெயில் கடுமையாக அடிக்கும் இடம். வகுப்புக்கு ஏறத்தாழ 40 பிள்ளைகள். முதல் வரைபடம் கைக்கு வந்திருக்கிறது. சாலை மேற்கே இருப்பதால் நீண்ட முகப்பும் மேற்கு நோக்கியே அமைந்திருக்கிறது. அது முழுவதும் கண்ணாடி. நடுவில் நடைவழியும் அதன் இருபுறமும் வகுப்பறைகளுமாகப் போட்டு, எல்லா அறைகளுக்கும் ஏ.சி. வைத்து, அந்த மின்சாரத்தை ஈடுகட்ட மொட்டை மாடி நிறைய சோலார் பலகைகளைக் காட்டியிருக்கிறார்கள். இதைப் பசுமைக் கட்டடம் என்று விளக்குகிறார்கள். வளாகத்தில் உறுதியாக நிற்கும் பழைய கட்டடம் ஒன்றையும் இடித்துவிடலாம் என்கிறார்கள்.

எனக்குக் கட்டடத் துறை தெரியாது. ஆனால் வெப்பத்தை வேண்டுமென்றே உள்ளே அழைத்து, பிறகு அதை வெளியேற்ற மின்சாரம் தேடுவதுபோல் இருக்கிறது என்ற நெருடல் போகவில்லை. பணம் அளவாகத்தான் இருக்கிறது. எதை இப்போதே முடிவு செய்ய வேண்டும், எதைத் தள்ளிப் போடலாம்?

பதில் 1: வரைபலகை

உங்கள் நெருடல் சரியானதே. ஏ.சி., விளக்கு, சோலார் பலகை ஆகியவற்றை ஐந்து ஆண்டுகள் கழித்தும் வாங்கலாம், மாற்றலாம். கட்டடம் எந்தத் திசையைப் பார்க்கிறது, அறையின் எத்தனை பக்கங்களில் ஜன்னல் இருக்கிறது என்பவற்றைக் கடைக்கால் தோண்டிய பிறகு மாற்ற முடியாது. ஆகவே முதல் செலவு பணமல்ல, வரைபடத்தின்மேல் செலவிடும் நேரம்.

வெப்பப் பகுதிகளில் கட்டடத்தின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் வர வேண்டும். நண்பகல் சூரியன் உச்சியில் நிற்பதால் தெற்குச் சுவரில் விழும் வெயிலை ஓரளவு நீட்டிய ஒரு சன்ஷேடே மறைத்துவிடும். மாலைச் சூரியன் அப்படியல்ல. அது தாழ்ந்து நேராக ஜன்னலுக்குள் நுழையும், அதன் முன் எந்த சன்ஷேடும் பயன்படாது. மேற்கில் முழுக் கண்ணாடி என்பது பிற்பகல் வகுப்புகளை அடுப்படியில் நடத்துவதற்கு ஒப்பாகும்.

நடுவில் நடைவழி வைப்பதை நான் அதைவிடப் பெரிய தவறாகக் கருதுகிறேன். அதனால் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பக்கம் மட்டுமே வெளிச்சுவர் கிடைக்கிறது. காற்று நுழைந்தாலும் வெளியேற வழியில்லை. வெளிச்சமும் அப்படித்தான். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் வரையே பகல் வெளிச்சம் நன்றாக எட்டும் என்பது நாங்கள் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. ஜன்னலுக்கு மேலே வரும் விட்டமான லிண்டல் 2.1 மீட்டரில் நின்றால் ஐந்து மீட்டர் வரைதான். அதற்கு அப்பால் உட்காரும் பிள்ளைக்கு நடுப்பகலிலும் விளக்கு வேண்டும். அறைகளை ஒரே வரிசையாக வைத்து ஒரு பக்கம் வராந்தா விட்டால், வராந்தாவே சுவருக்கு நிழலாகும். எதிரெதிரான இரு சுவர்களிலும் ஜன்னல் கிடைக்கும்.

மேல்தளத்துக்குப் பெரும் பகை கூரைதான். மேற்கு ஆப்பிரிக்க நாடான பர்கினா பாசோவில் காண்டோ என்னும் ஊரில் கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கெரே வடிவமைத்து 2001இல் முடிந்த தொடக்கப் பள்ளியைப் பாருங்கள். மண் கற்களால் சுவர், மண் கற்களாலேயே உட்கூரை, அதற்கு மேல் இடைவெளி விட்டுத் தூக்கி நிறுத்திய தகரக் கூரை. தகரம் கொதித்தாலும் அந்தச் சூட்டை இடைவெளியில் ஓடும் காற்று கொண்டுபோய்விடுகிறது. உங்கள் சோலார் பலகைகளையும் தளத்தோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு உயர்த்தினால் அவையே இரண்டாம் கூரையாகிவிடும்.

பழைய கட்டடம் உறுதியாக இருந்தால் இடிக்காதீர்கள். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்டுத் தயாரிப்பிலிருந்து வருகிறது. நூலகமோ ஆசிரியர் அறையோ அதற்குள் போனால், புதிதாக ஊற்ற வேண்டிய காங்கிரீட் அந்த அளவுக்குக் குறையும்.

பதில் 2: மின்தடம்

நான் கட்டடங்களின் மின்பணியைப் பார்ப்பவன், ஆகவே எண்களோடு மட்டும் நிற்கிறேன். அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளையின் உடல் சுமார் 75 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. 40 பேர் என்றால் 3 கிலோவாட். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று வெளியேற்றக்கூடிய வெப்பம் 5 கிலோவாட்டுக்குச் சற்று அதிகம். அதில் பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கே போய்விடும். சுவர், கூரை, கண்ணாடி வழியாக வருவதையும் சேர்த்தால் அறைக்கு இரண்டு வேண்டியிருக்கும். 12 அறைகளுக்கு 24. இவை விட்டு விட்டு ஓடினாலும் நாளொன்றுக்கு 150 யூனிட்டைத் தொடும். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் நாளுக்கு 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால், 38 கிலோவாட் பலகைகள் தேவை.

மாறாக, அறைக்கு, மின்சாரம் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. வகை 30 வாட் மின்விசிறி நான்கும் 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு ஆறும் போட்டால் மொத்தம் 240 வாட்தான். எல்லா அறைகளும் 7 மணி நேரம் ஓடினாலும் 20 யூனிட். அதற்கு 5 அல்லது 6 கிலோவாட் போதும். பள்ளி பகலில் மட்டும் இயங்குவதால் பேட்டரிக்கும் பெரிதாகச் செலவிட வேண்டியதில்லை.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றவிடுகிறது, புதுக்காற்றைக் கொண்டுவராது. 60 சதுர மீட்டர் அறையில் 40 பேரை வைத்துக் காற்றுப் புகாமல் மூடினால், மூச்சிலிருந்து மட்டும் ஒரு மணி நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு 2,500 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 2,500 பங்கு) அளவுக்கு ஏறிவிடும். வெளிக்காற்றில் அது 420 அளவில்தான் இருக்கிறது. பிற்பகலில் பிள்ளைகள் கொட்டாவி விடுவதற்குப் பாடத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஒயரிங் செய்யும்போது ஒரு சொல் சொல்லிவையுங்கள்: விளக்குகளை ஜன்னலுக்கு இணையான வரிசைகளாகப் பிரித்து, வரிசைக்கு ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும். செலவு அதிகமில்லை. குறுக்கு வரிசையாக இணைத்துவிட்டால், உள்பக்கப் பெஞ்சுக்கு வெளிச்சம் வேண்டும்போது ஜன்னலோர விளக்கும் சேர்ந்தே எரியும்.

பதில் 3: கரும்பலகை

ஆசிரியையாக இதைப் படித்தேன். வரைபலகை சொல்வதில் பெரும்பாலானவற்றோடு உடன்படுகிறேன், ஆனால் வெளிச்சம் என்றாலே நன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பகல் வெளிச்சம் மிகுந்த வகுப்பறைப் பிள்ளைகள் வேகமாக முன்னேறியதாக அமெரிக்காவில் ஹெஷாங் மஹோன் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அதே குழு 2003இல் வேறொரு பகுதியில் பார்த்தபோது, அந்த நேரடித் தொடர்பு மறுபடி கிடைக்கவில்லை. கண் கூசும் ஒளியும் நேராக விழும் வெயிலும் கற்றலைப் பாதிப்பதாகத்தான் தெரியவந்தது.

நான் கற்பித்த ஓர் அறை கிழக்கே பார்த்தது. முதல் பாடவேளையில் ஒரு வெயில் பட்டை மூன்றாம் பெஞ்சில் விழும். இரண்டாம் பாடவேளைக்குள் அது நகர்ந்து கரும்பலகையின் இடது பாதியை வெள்ளையடித்ததுபோல் ஆக்கிவிடும். திரையை இழுத்துவிட்டு விளக்கைப் போடுவோம். வெயில் போன பிறகு அந்தத் திரையை விலக்க யாருக்கும் நினைவிருக்காது; நாள் முழுவதும் விளக்கு எரியும். பெரிய ஜன்னல் வைத்தும் மின்சாரம் மிச்சமாகவில்லை. பலகை எந்தச் சுவரில் வரும் என்பதை முதலில் குறித்துவிட்டு, பிள்ளைகளின் இடப்பக்கத்தில் பெரிய ஜன்னல்களை வையுங்கள். வலது கையால் எழுதுபவர்களின் நிழல் நோட்டின்மேல் விழாது.

மேலே வென்டிலேட்டர் வைப்பதாக இருந்தால், அதைத் திறக்கப்போவது யார் என்பதையும் யோசியுங்கள். எங்கள் அறையில் அதற்கென நீண்ட கம்பி ஒன்று இருந்தது. கம்பி தொலைந்த நாள் முதல் வென்டிலேட்டர் மூடியே கிடந்தது.

பதில் 4: குழு_உறுப்பினர்

மூவருக்கும் நன்றி. குழுவில் இவற்றை வைத்தேன். ஏ.சி. விஷயத்தில் மின்தடம் தந்த கணக்கு உடனே எடுபட்டது. கட்டடத்தைத் திருப்புவதற்குத்தான் எதிர்ப்பு: சாலையில் போகிறவர்களுக்குப் பள்ளியின் பக்கவாட்டுச் சுவர்தானே தெரியும் என்கிறார்கள்.

பதில் 5: வரைபலகை

அந்த மேற்கு முனையில் வகுப்பறை எதுவும் வேண்டாம். மாடிப்படி, கழிப்பறை, பொருள் வைக்கும் அறை ஆகியவற்றை அங்கே கொண்டுபோங்கள். யாரும் நெடுநேரம் உட்காராத இந்த இடங்கள் மாலை வெயிலை வாங்கிக்கொண்டு வகுப்பறைகளைக் காக்கும். மாடிப்படிச் சுவரைத் துளைகளிட்ட செங்கல் வேலையாகக் கட்டினால் காற்றும் போகும், சாலையிலிருந்து பார்க்க முகப்பாகவும் இருக்கும். அதன் முன் இரண்டு வரிசை மரங்களுக்கு இடம் விடுங்கள். கட்டடம் முடிவதற்குள் வேர் பிடிக்க வேண்டுமானால் இந்த ஆண்டே நட்டுவிட வேண்டும்.

பதில் 6: குழு_உறுப்பினர்

படிக்கட்டுச் சுவர் யோசனைக்குத் தலையசைத்துவிட்டார்கள். வரைபடத்தைத் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறோம். வென்டிலேட்டரைத் தரையில் நின்றபடியே திறக்க வேண்டும், கம்பி கூடாது என்பதை நானே வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பினேன்.