போர்ன் காற்றாலையை ஓட்டியவர்கள் யார்? உதவி தேவை

வணக்கம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பக்கம் போர்ன் என்ற கிராமத்தில் ஒரு பழைய மாவரைக்கும் காற்றாலை நிற்கிறது. அதைப் பற்றித் தமிழில் விரிவாக எழுதத் தகவல் திரட்டி வருகிறேன்.

இது தூண் ஆலை வகை. இறக்கைகள், அரவைக் கற்கள் என எல்லாவற்றையும் சுமக்கும் மர அறை முழுவதும் ஒரே பெரிய தூணின் மேல் உட்கார்ந்திருக்கும். காற்று திசை மாறினால், பின்பக்கம் நீண்டிருக்கும் மரத்தைத் தள்ளி மொத்த ஆலையையும் திருப்ப வேண்டும். பிற்காலத்துக் கோபுர ஆலைகளில் தலைப்பகுதி மட்டும்தான் திரும்பும். அவ்வளவு எடையையும் தள்ளித் திருப்பிய அந்த ஆலைக்காரர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும்.

1636-இல் ஆலை கைமாறியதற்குப் பத்திரச் சான்று இருக்கிறது. 1932-இல் அது கேம்பிரிட்ஜ் பாதுகாப்புச் சங்கத்தின் கைக்கு வந்தது. நடுவில் கிட்டத்தட்ட 300 வருடங்கள்! 1841 முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயரோடு தொழிலும் பதிவாகியிருப்பதால், அந்தப் பகுதியை நானே பார்த்துக்கொள்வேன். அதற்கு முந்தைய காலத்துக்கு தேவாலயப் பதிவேடு, உயில், நிலவுடைமை ஏடு இவற்றில் எதை முதலில் தேடுவது?

ஈலி நகரிலுள்ள கேம்பிரிட்ஜ்ஷயர் ஆவணக் காப்பகத்தைப் பயன்படுத்திய அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள். அப்புறம், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கப் பழகியவர் யாராவது இருந்தால், தயவுசெய்து கீழே ஒரு வரி எழுதுங்கள். பிரதிகளை அனுப்புகிறேன்.