உதவி தேவை: ஃபோன் மாற்றிய பிறகு சிலருடைய குறுஞ்செய்திகள் மட்டும் வருவதில்லை

மழைக்குருவி

அவசரம். புதிய ஃபோனுக்கு மாறினேன். அதே எண், அதே சிம். அழைப்புகளில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சிலர் அனுப்பும் குறுஞ்செய்திகள் வந்து சேருவதே இல்லை. வங்கியிலிருந்து ஓடிபி வருகிறது, அக்கா அனுப்புவது வரவில்லை. நான் அவருக்கு அனுப்பினால் போய்ச் சேர்கிறது. "அனுப்பியாயிற்று, நீதான் பதிலே போடவில்லை" என்று கோபித்துக்கொள்கிறார். ஃபோனை அணைத்து மறுபடி இயக்கிவிட்டேன், சிம்மைக் கழற்றி மாட்டிவிட்டேன். அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போகும் நேரத்தை அக்கா அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார்கள். அவர் இப்போது வேலையில் இருப்பதால் அழைத்தாலும் எடுக்க மாட்டார். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

தென்றல்வழி

என்ன ஃபோன்? பழையது எது, புதியது எது? வராதவை யாருடைய செய்திகள், அக்காவுடையது மட்டுமா?

கம்பியில்லாத்தந்தி

குறுஞ்செய்தி மைய எண் (உங்கள் செய்தியை வாங்கி அனுப்பிவைக்கும் சேவை நிறுவன மையத்தின் எண்) மாறிப்போயிருக்கும். ஃபோன் மாற்றும்போது இது அடிக்கடி நடக்கிறது. உங்கள் சேவை நிறுவனத்தின் மைய எண்ணைக் கேட்டு வாங்கிச் செய்திச் செயலியின் அமைப்புகளில் பதியுங்கள். ஐந்து நிமிட வேலை.

நெடுநாள்வாசி

இந்தப் பகுதியின் முகப்பிலேயே கேள்வி கேட்கும் முறை எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. கருவியின் பெயர், இயங்குதளம், பதிப்பு, இதுவரை செய்து பார்த்தவை. இவை நான்கும் இல்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வருபவர்கள் இருட்டில் தேடுகிறார்கள். "புதிய ஃபோன்" என்று ஒரு மாடல் கிடையாது. முதலில் அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

வெண்சங்கு

அவருக்கு அவசரம் என்கிறார், விதிமுறை பிறகு இருக்கட்டும். மழைக்குருவி, செய்திச் செயலிக்குள் "ஸ்பேம், தடுக்கப்பட்டவை" என்று ஒரு பெட்டி இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். தொடர்புகள் முழுமையாக நகராவிட்டால் அக்காவின் எண்ணைத் தெரியாத எண் என்று எண்ணி அங்கே தள்ளியிருக்கலாம்.

மழைக்குருவி

ஸ்பேம் பெட்டி காலி. அக்காவின் எண் தொடர்புகளில் இருக்கிறது. மைய எண்ணையும் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. புதியது ஆண்ட்ராய்டு. பழையதை அழித்துச் சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டேன்.

தென்றல்வழி

மைய எண் தவறாக இருந்தால் உங்களிடமிருந்து செய்தி *போகாது*. வருவதை அது தடுக்காது. உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது, ஆகவே அந்த வழியை விட்டுவிடலாம்.

இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் தாருங்கள். பழையது ஐஃபோனா? அக்கா வைத்திருப்பது ஐஃபோனா?

கம்பியில்லாத்தந்தி

இரண்டு பக்கமும் பாதிக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லையென்றால் எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றியதில் வழித்தடம் பாதியில் நின்றிருக்கும். அண்மையில் நிறுவனம் மாற்றினீர்களா?

மழைக்குருவி

நிறுவனம் மாற்றவில்லை. ஆமாம், பழையது ஐஃபோன். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? அக்காவும் அதுதான். நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்க்கிறேன். வரவில்லை என்று சொன்ன தோழிகள் இருவரும் ஐஃபோன்தான் வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுடையது வருகிறது.

தென்றல்வழி

இதுதான் விடை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐஃபோனிலிருந்து ஐஃபோனுக்குப் போகும் செய்தி பெரும்பாலும் குறுஞ்செய்தியே அல்ல. 2011 அக்டோபரில் ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 5 வந்ததிலிருந்து அது ஆப்பிளின் சொந்தச் செய்திச் சேவையான ஐமெசேஜ் வழியாக, இணையத்தில் போகிறது. அனுப்புபவரின் ஃபோன் முதலில் ஆப்பிளின் பதிவேட்டில் உங்கள் எண் இருக்கிறதா என்று கேட்கிறது. இருக்கிறது என்றால் நீல நிறத்தில் அங்கே அனுப்பிவிடுகிறது. இல்லையென்றால்தான் சேவை நிறுவனத்தின் வழியாக, பச்சை நிறத்தில். சிம்மைக் கழற்றி வேறு ஃபோனில் போட்டதை அந்தப் பதிவேடு தானாக அறிந்துகொள்வதில்லை. உங்கள் எண் இன்னும் அங்கேயே இருக்கிறது. அக்காவின் ஃபோன் நீலத்தில் அனுப்புகிறது, அது உங்கள் ஆண்ட்ராய்டுக்கு வர வழியே இல்லை. வங்கி அனுப்புவது சாதாரணக் குறுஞ்செய்தி, அதனால் வருகிறது. நீங்கள் அனுப்புவதும் சாதாரணக் குறுஞ்செய்தி, அதனால் போகிறது.

செய்ய வேண்டியது: இணைய உலாவியில் ஆப்பிளின் ஐமெசேஜ் பதிவு நீக்கப் பக்கத்தைத் தேடித் திறங்கள். 2014 நவம்பரிலிருந்து இருக்கிறது. "ஐஃபோன் இப்போது என்னிடம் இல்லை" என்ற பகுதியில் உங்கள் எண்ணைக் கொடுங்கள். ஆறு இலக்கக் குறியீடு ஒன்று சாதாரணக் குறுஞ்செய்தியாக வரும். அதைப் பதிந்தால் முடிந்தது. பழைய ஃபோன் கையில் இருந்திருந்தால், சிம்மை எடுக்கும் முன் அமைப்புகளில் ஐமெசேஜையும் ஆப்பிளின் வீடியோ அழைப்பான ஃபேஸ்டைமையும் அணைத்திருந்தாலே போதும்.

உடனே எல்லாம் சரியாகிவிடாது. அனுப்புபவர்களின் ஃபோன் பழைய நினைவில் கொஞ்ச நேரம் நீலத்திலேயே முயலும். அக்காவிடம் பழைய உரையாடலை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று தொடங்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது அவசரம். அதே ஆப்பிள் கணக்கில் ஐபேட் அல்லது மேக் ஏதாவது வைத்திருக்கிறீர்களா? இருந்தால் வராத செய்திகள் அங்கே இருக்கக்கூடும். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தை முதலில் அங்கே தேடுங்கள்.

வெண்சங்கு

அருமையான விளக்கம். எதிர்த்திசைக்கும் இதை எழுதி வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டிலிருந்து ஐஃபோனுக்குப் போகிறவர்களுக்கும் இதே வகைச் சிக்கல் வரும். கூகுள் மெசேஜஸ் செயலியில் ஆர்சிஎஸ் (குறுஞ்செய்திக்கு அடுத்து வந்த, இணையம் வழியாகப் போகும் செய்தி முறை) உரையாடல் இயக்கத்தில் இருந்தால் எண் அங்கே பதிவாகியிருக்கும். மாறும் முன் அதை அணைக்க வேண்டும். மறந்தவர்களுக்காகக் கூகுளும் ஒரு நீக்கப் பக்கம் வைத்திருக்கிறது.

நெடுநாள்வாசி

பார்த்தீர்களா, பழைய ஃபோனின் பெயரை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் முதல் பதிலிலேயே முடிந்திருக்கும். அது இருக்கட்டும். இந்த வேதனைக்கெல்லாம் காரணம் மக்கள் யோசிக்காமல் தளம் மாறுவது. ஒரு தளத்தில் இருப்பவர் அதிலேயே இருந்தால் கடிகாரம், வாங்கிய செயலிகள், புகைப்படங்கள் எல்லாம் கூடவே வரும். விளம்பரத்தைப் பார்த்து மாறுகிறார்கள், பிறகு இங்கே வந்து நிற்கிறார்கள்.

வெண்சங்கு

இதை ஒப்புக்கொள்ள முடியாது ஐயா. மாறுகிறவர்கள் யோசிக்காமல் மாறுவதில்லை. பழைய ஃபோன் தேய்ந்து, அடுத்தது வாங்கும் அந்த ஒரு நேரத்தில்தான் கதவு திறக்கிறது. இத்தனை நாள் போகாமல் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். எதிர்ப்பக்கம் அந்தக் காரணத்தை நீக்கியிருந்தால் அப்போது மாறுகிறார்கள். 2014க்கு முன் பெரிய திரை வேண்டியவர்களுக்கு ஐஃபோனில் வழியில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் 4.7, 5.5 அங்குலத் திரைகளோடு ஐஃபோன் 6 வரிசை வந்தது. அந்தக் காரணம் போய்விட்டது. அடுத்த ஆண்டே, ஆண்ட்ராய்டிலிருந்து வருபவர்களுக்காக ஆப்பிள் தனியாக ஒரு நகர்த்தும் செயலி வெளியிட்டது. மறுபக்கம், சில ஆண்டுகளில் மென்பொருள் புதுப்பிப்பு நின்றுவிடும் என்ற பயம் ஆண்ட்ராய்டிலிருந்து பலரைத் தள்ளியது. 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8க்கும், 2024 ஜனவரியில் சாம்சங் தன் கேலக்ஸி எஸ்24க்கும் ஏழு ஆண்டுப் புதுப்பிப்பு என்று அறிவித்ததும் அந்தக் காரணமும் போயிற்று. இதில் யோசிக்காமை எங்கே இருக்கிறது?

நெடுநாள்வாசி

திரையும் புதுப்பிப்பும் வாங்கும் நாளோடு முடிந்துவிடும். நான் சொல்வது அதற்குப் பிறகு உள்ளதை. ஆப்பிள் கடிகாரத்தை ஐஃபோனோடு மட்டும்தான் இணைக்க முடியும். கேலக்ஸி வாட்ச்4 முதல் சாம்சங் கடிகாரங்களும் ஐஃபோனோடு சேருவதில்லை. பணம் கொடுத்து வாங்கிய செயலியை அடுத்த தளத்தில் மறுபடி வாங்க வேண்டும். இவற்றைக் கணக்கில் எடுக்காமல் மாறுவது அறிவுடைமை ஆகாது. இது என் தீர்மானமான கருத்து.

கம்பியில்லாத்தந்தி

தளம் மாறுவதற்கும் மாறாமல் இருப்பதற்கும் செயலிகள்தான் காரணம், வேறெதுவும் இல்லை. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோனை நினைத்துப் பாருங்கள். 2011 பிப்ரவரியில் நோக்கியா தன் இயங்குதளமான சிம்பியனைக் கைவிட்டு அதன் பக்கம் போனது. கருவிகள் நன்றாக இருந்தன, கேமரா மிக நன்றாக இருந்தது. ஆனால் மக்களுக்கு வேண்டிய செயலிகள் வரவில்லை. 2013இல் மைக்ரோசாஃப்ட் தானே எழுதிய யூடியூப் செயலியைக் கூகுள் தடுத்தது. ஆள் இல்லாத இடத்துக்குச் செயலி எழுதுபவர் வருவதில்லை, செயலி இல்லாத இடத்துக்கு ஆள் வருவதில்லை. மூன்றாவது தளம் இப்படித்தான் இல்லாமல் போனது.

இரவுநதி

புதிதாக எட்டிப் பார்க்கிறேன், மன்னியுங்கள். செயலி என்பது பாதி உண்மை. பிளாக்பெர்ரியை மறந்துவிட்டீர்கள். 2005இல் அதன் சொந்தச் செய்திச் சேவையான பிபிஎம் வந்தது. நண்பர்கள் எல்லாம் அதில் இருந்ததால் அந்த ஃபோனை விடாமல் வைத்திருந்தவர்கள் ஏராளம். அந்த நிறுவனம் பிபிஎம்மை மற்ற தளங்களுக்குத் திறந்தது 2013 அக்டோபரில். வாட்ஸ்அப் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன, மக்கள் போய்விட்டார்கள். பொதுமக்களுக்கான பிபிஎம் 2019 மே மாதத்தோடு மூடப்பட்டது.

ஆட்களைப் பிடித்து வைப்பது ஃபோன் அல்ல, அந்த ஃபோனுக்குள் இருக்கும் மற்ற ஆட்கள். நிறுவனங்களும் இதை நன்றாக அறிந்திருக்கின்றன. ஆண்ட்ராய்டுக்கு ஐமெசேஜ் கொடுத்தால், ஐஃபோன் வைத்திருக்கும் பெற்றோர் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தர இருந்த தடை நீங்கிவிடும் என்று ஆப்பிளின் உயர் அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது, விளையாட்டு நிறுவனமான எபிக் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கின் ஆவணங்களில் 2021இல் வெளிவந்தது. அமெரிக்க நீதித்துறை 2024 மார்ச்சில் ஆப்பிள் மீது தொடுத்த ஏகபோக வழக்கிலும் செய்தி அனுப்புதல் முக்கியமான குற்றச்சாட்டு. இங்கே கேள்வி கேட்டவரின் அக்கா கோபித்துக்கொண்டதை யாரும் கவனித்தீர்களா? மாறியவருக்கு விழும் முதல் அடி உறவில் விழுகிறது. எனக்கு அதுதான் உறுத்துகிறது.

நெடுநாள்வாசி

உறவுக்கு நிறுவனம் என்ன செய்யும்? ஐமெசேஜ் தொடக்கத்திலிருந்தே முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்பட்டது, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் தவிர இடையில் யாரும் படிக்க முடியாது. குறுஞ்செய்தியில் அது அறவே கிடையாது. பாதுகாப்பான பாதையைத் திறந்துவிட்டு, அடுத்த முனையில் யார் என்ன மென்பொருள் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் விட முடியுமா?

இரவுநதி

வாட்ஸ்அப்பும் சிக்னலும் இரண்டு தளங்களிலும் முனைக்கு முனை மறையாக்கத்தோடுதான் ஓடுகின்றன. முடியாது என்பதில்லை. செய்ய விரும்பவில்லை.

தென்றல்வழி

இருவருக்கும் ஒரு சொல். 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18 ஆர்சிஎஸ்ஸை ஏற்றுக்கொண்டது. சேவை நிறுவனமும் ஆதரித்தால் இரு தளங்களுக்கு இடையே பெரிய படங்கள், "எழுதிக்கொண்டிருக்கிறார்" குறிப்பு, படித்த அடையாளம் எல்லாம் போகும். ஆனால் அப்போது வந்த வடிவத்தில் தளங்களுக்கு இடையே முனைக்கு முனை மறையாக்கம் இல்லை. நெடுநாள்வாசி சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. தவிர, ஆர்சிஎஸ் வந்ததால் இந்த இழையின் சிக்கல் தீரவில்லை. எண் ஐமெசேஜ் பதிவேட்டில் இருக்கும்வரை அக்காவின் ஃபோன் ஆர்சிஎஸ்ஸை முயன்றே பார்க்காது.

மழைக்குருவி, என்ன ஆயிற்று? ஐபேட் ஏதும் இருக்கிறதா?

கம்பியில்லாத்தந்தி

போய்விட்டார் போலிருக்கிறது. செய்திச் செயலியின் தற்காலிகச் சேமிப்பையும் அழித்துப் பார்க்கச் சொல்லலாம்.

வெண்சங்கு

வேண்டாம். இப்போது அவர் வேறெதையும் தொடாமல் பதிவு நீக்கத்தை மட்டும் செய்யட்டும். இரண்டு மூன்றை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று அடுத்து வருபவருக்குத் தெரியாது.

மழைக்குருவி

ஐபேட் இருந்தது, அலமாரியில். அதில் எல்லாமே இருக்கிறது. மருத்துவர் நேரமும் இருந்தது, அம்மாவை அழைத்துப் போய் வந்துவிட்டோம். எண்ணை நீக்கிவிட்டேன். அக்காவின் செய்தி இப்போது ஃபோனுக்கே வருகிறது. குடும்பக் குழுவில் மட்டும் நான் எழுதினால் தனித்தனியாகப் போகிறது, அவர்கள் எழுதுவது எனக்கு வருவதில்லை. தென்றல்வழிக்கு மிக்க நன்றி.

தென்றல்வழி

மகிழ்ச்சி. அந்தக் குழு ஐமெசேஜ் குழுவாகத் தொடங்கப்பட்டது, அது அப்படியே உங்கள் எண்ணுக்கு மாறாது. குடும்பத்தில் ஐஃபோன் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் எண்ணையும் சேர்த்துப் புதிய குழு தொடங்க வேண்டும். பழைய குழுவில் இனி எழுத வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாதிப் பேர் அங்கேயே எழுதிக்கொண்டிருப்பார்கள். உங்கள் செய்திகள் தனித்தனியாகப் போவதற்கு, செய்திச் செயலியின் அமைப்புகளில் குழுச் செய்தி என்ற இடத்தில் "எல்லோருக்கும் தனித்தனிக் குறுஞ்செய்தி" என்பது தேர்வாகியிருக்கும். அதை எம்எம்எஸ் (படங்களும் குழுச் செய்திகளும் போகும் சேவை நிறுவன வழி) குழுவாக மாற்றுங்கள்.