127 பல் கியர் இல்லாத லேத்தும் ஒரு பழைய லேப்டாப்பும்

வீட்டுப் பட்டறை வேலைக்குக் கணினியைப் பயன்படுத்தியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் கோயம்புத்தூர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இரும்பு கடையும் ஒரு பழைய லேத் இருக்கிறது. மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீண்ட திருகான லீட் ஸ்க்ரூ அங்குலக் கணக்கு, அங்குலத்துக்கு 4 மரை. கூடவே 20 பல்லில் தொடங்கி 120 பல் வரை ஐந்தைந்தாக ஏறும், லீட் ஸ்க்ரூவின் வேகத்தை மாற்ற மாட்டுகிற 21 சேஞ்ச் கியர்கள் கிடைத்தன. 127 பல் கியர் மட்டும் இல்லை. லேத் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் குறை புரியும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ.; அதன் ஐந்து மடங்கு 127. அங்குல லீட் ஸ்க்ரூவை வைத்து மில்லிமீட்டர் மரையைப் பிசகில்லாமல் வெட்ட அந்த ஒரு கியர் வேண்டும்.

சென்ற வருடம், பம்பரமும் கிண்ணமும் கடைவதற்குச் சின்னதாக ஒரு மர லேத் செய்ய ஆரம்பித்தேன். ஸ்பிண்டிலுக்கு, அதாவது சுழலும் தண்டுக்கு, 6206 பேரிங், உள்விட்டம் 30 மி.மீ. அதை இறுக்கிப் பிடிக்கும் நட் கேஎம்6. அதன் மரை 30 மி.மீ., பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) 1.5 மி.மீ. ஒரே ஒரு வேலைக்காக அந்த அளவில் மரை வெட்டும் டை வாங்க மனசு வரவில்லை. லேத்திலேயே வெட்டலாம் என்று பார்த்தால், லீட் ஸ்க்ரூவின் 6.35 மி.மீ. பிட்ச்சுக்கு 1.5 என்று கியர் விகிதம் 30/127 வந்து நிற்கிறது.

இரண்டு சாயங்காலம் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன். அருகில் வரும், ஆனால் போதுமான அளவுக்கு வராது. என் மகள் பார்த்துவிட்டு, "நாலு கியரையும் எல்லா விதமாவும் மாத்திப் போட்டுப் பார்க்கச் சொன்னா இது பார்த்துடும்பா" என்று தன் பழைய லேப்டாப்பில் பைத்தானில் இருபது வரி எழுதினாள். 21 கியரில் நான்கை வரிசை மாற்றி எடுக்க 1,43,640 வழிகள் உண்டு. நான் டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பட்டியல் வந்துவிட்டது. பட்டியலின் உச்சியில் இருந்த விகிதத்தில் பிட்ச் 1.4993 மி.மீ. 12 மி.மீ. நீள மரைக்கு மொத்தப் பிசகு 0.006 மி.மீ.கூட இல்லை. அந்தப் பட்டியலைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் முதல் வரியில் இருந்த கூட்டணியை மாட்டவே முடியவில்லை. 20 பல் கியர் 60ஐ ஓட்ட வேண்டும், 60 உட்கார்ந்திருக்கும் அதே தண்டில் 85 உட்கார்ந்து 120ஐ ஓட்ட வேண்டும். 20ம் 60ம் கோத்து நிற்கும்போது இரண்டு தண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடத்தைவிட 85 பல் கியரின் பாதி அகலம் பெரிது. அது போய் முதல் தண்டில் முட்டியது. கணக்குப்படி சரி, இரும்புக்கு இடம் இல்லை. ஸ்பேனரோடு நின்று யோசித்த பிறகுதான், கியருக்கு அகலம் உண்டு என்பதை நாங்கள் அந்த நிரலுக்குச் சொல்லவே இல்லை என்று உறைத்தது. மகள் இன்னொரு வரி சேர்த்தாள். முட்டுகிறவை எல்லாம் பட்டியலிலிருந்து போயின. அதே விகிதத்தில் 85 ஓட்டும் 90, 25 ஓட்டும் 100 என்ற கூட்டணி அழகாக உட்கார்ந்தது.

புதிதாக இதைச் செய்கிறவர்களுக்கு ஒன்று. அங்குல லீட் ஸ்க்ரூவில் மில்லிமீட்டர் மரை வெட்டும்போது நடுவில் ஹாஃப் நட்டை, அதாவது டூலை லீட் ஸ்க்ரூவோடு கோக்கும் பிடியை, திறக்காதீர்கள். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் டூலைப் பின்னுக்கு இழுத்து, மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித்தான் ஆரம்பத்துக்கு வர வேண்டும். திறந்து மூடினால் டூல் பழைய தடத்தில் விழாது.

நட் கையாலேயே திருகி உள்ளே போனது. லேப்டாப்பைக் கொட்டகைக்குள் வைப்பதில்லை, இரும்புத்தூள் உள்ளே போனால் போர்டு ஷார்ட் ஆகிவிடும். பட்டியலை அச்செடுத்து லேமினேட் செய்து லேத்துக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து

சார், உங்கள் கியர் முட்டிய கதையைப் படித்ததும் என் புத்தக அலமாரி ஞாபகம் வந்தது. 8 அடிக்கு 4 அடி பிளைவுட், அதாவது 2440க்கு 1220 மி.மீ. தட்டுகள் 610க்கு 305. பலகையில் துண்டுகளை அடுக்கிக் காட்டும் இலவச நிரல் ஒன்றில் அளவுகளைக் கொடுத்தேன். ஒரே ஷீட்டில் 16 தட்டு, துளி வீணில்லை என்று படம் போட்டுக் காட்டியது. அச்செடுத்து ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு நிமிஷம்தான் பார்த்தார். "பிளேடு திங்கிறத எங்க சார் வச்சீங்க?"

ரம்பம் ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. தின்னும். நாலு துண்டுக்கு மூன்று வெட்டு, 9 மி.மீ. போய்விடும். கடைசித் தட்டு 601தான் வந்திருக்கும், அகலவாக்கில் 296. பிளேடு கனத்தைக் கொடுக்க அந்த நிரலிலேயே ஒரு கட்டம் இருக்கிறது. நான் அதைப் பூஜ்ஜியமாக விட்டிருந்தேன். 600க்கு 300 என்று மாற்றினேன், 16ம் வந்துவிட்டது. இன்றைக்கு எந்தப் படம் போட்டாலும் வெட்டுவதற்கு முன்னால் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுகிறேன். மர ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் அவரேதான் சொல்லிக் கொடுத்தார்.

சென்னையிலிருந்து

நான் பொழுதுபோக்காக கிட்டார் செய்கிறேன். ஃப்ரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி, எங்கே வர வேண்டும் என்பதற்குப் பழைய கைக்கணக்கு ஒன்று உண்டு: மிச்சமிருக்கும் தந்தி நீளத்தை ஒவ்வொரு முறையும் 18ஆல் வகுத்துத் தள்ளிக்கொண்டே போவது. 650 மி.மீ. தந்திக்கு அப்படிப் போட்டால் 12ஆவது ஃப்ரெட் 322.6ல் விழும். விழ வேண்டிய இடம் சரிபாதி, 325. விரிதாளில் 2இன் பன்னிரண்டாம் மூலத்தை வைத்து ஒரு சூத்திரம் எழுதிவிட்டேன். முதல் ஃப்ரெட் 36.48, ஐந்தாவது 163.05, ஏழாவது 216.18. எல்லாவற்றையும் நட்டிலிருந்தே (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்தி உட்காரும் கட்டை) அளக்கிறேன். ஒரு ஃப்ரெட்டிலிருந்து அடுத்ததை அளந்தால் சின்னச் சின்னப் பிசகு சேர்ந்துகொண்டே போகும்.

அப்புறம், அச்சு. முதல் கிட்டாருக்கு ஃப்ரெட் படத்தை அச்செடுத்து ஒட்டி, அதன் மேலேயே ரம்பம் போட்டேன். பிரிண்டர் படத்தைப் பக்கத்துக்குள் அடக்குவதற்காகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியவில்லை, வாசித்தபோது காதுக்குத் தெரிந்தது. ஒரு நல்ல ரோஸ்வுட் பலகை போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் 100 மி.மீ. கோடு ஒன்று வரைகிறேன். ஸ்டீல் ஸ்கேலை வைத்து அந்தக் கோடு சரியாக 100 இருக்கிறதா என்று பார்த்த பிறகே பசையை எடுப்பேன்.

கோயம்புத்தூரிலிருந்து மறுபடியும்

100 மி.மீ. கோடு, ரொம்ப நன்றி. கிண்ணங்களுக்கான வடிவம் அச்செடுத்த தாள்களை இன்று சாயங்காலமே எடுத்து அளந்து பார்க்கிறேன். மகளின் நிரலைக் கேட்டவர்களுக்கு: உங்கள் லேத்தின் லீட் ஸ்க்ரூ 6 மி.மீ. என்றால் மேலே அந்த ஓர் எண்ணை மாற்றினால் போதும். கையில் இருக்கும் கியர்களைப் பல் எண்ணி நீங்களே எழுதுங்கள். என்னுடையதில் 75 என்று பொறித்திருந்த ஒன்றை எண்ணிப் பார்த்தபோது 76 பல் இருந்தது.