பலெர்மோ அடுப்படியில் மீனும் உப்பும்

"மிளகாய்த்தூளும் பழப்புளியும் இல்லாமல் மீன் வெடுக்கு எப்படிப் போகும்?" என்று இங்கே இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். நல்ல மீனில் போக்குவதற்கு வெடுக்கே இராது. ருசிக்கு வேண்டியதை உப்பிட்டுப் பதப்படுத்திய சாமான்கள் பார்த்துக்கொள்ளும். சிசிலியின் தலைநகரான பலெர்மோவில், வயதான சின்யோரா (இத்தாலிய அம்மா) ஒருவரின் வீட்டில் சமையலும் துப்புரவும் செய்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்துச் சனம் பலருக்கு இந்த ஊரில் இதுதான் பிழைப்பு. ஆகவே நான் எழுதுவது ஹோட்டல் சமையல் அல்ல.

மீன் வாங்குவது பல்லரோ சந்தையில். வாள்மீனின் தலையை, வாள் வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தி வைத்துக்கொண்டு வியாபாரிகள் ராகம் போட்டுக் கூவுவார்கள். என்னைக் கண்டதும் மீன்காரர் தலைகளைத் தனியே ஒதுக்கி வைக்கத் தொடங்குவார். தமிழர் தலையை விடமாட்டார்கள் என்பது அவருக்குப் பாடம். ஆனால் அது எங்கள் வீட்டுக்கு. சின்யோராவுக்கு வேண்டியது சாளை.

சாளை மக்கரோனி பலெர்மோவின் சொந்தச் சமையல். மலைச்சரிவில் தானாக முளைக்கும் காட்டுப் பெருஞ்சீரகத்தின் தழையை முதலில் அவித்து எடுத்துவிட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், மக்கரோனி அதிலேதான் வேக வேண்டும். அடுத்தது ஆஞ்சோவி. நம் நெத்தலியின் இனம்தான், ஆனால் பெரியது. சியாக்காத் துறைமுகத்திலிருந்து உப்பில் அடுக்கி டின்னில் வரும். உப்பை உதறி, ஓடும் தண்ணீரில் அலசி, பெருவிரலால் வயிற்றுப்பக்கம் பிளந்து நடுமுள்ளை வால்வரை இழுத்தால் முழுதாக வந்துவிடும். ஒலிவ் எண்ணெயில் வெங்காயம் வதங்கியபின் அடுப்பைத் தணித்து, இதைப் போட்டு மரக்கரண்டியால் அமுக்க வேண்டும். சற்று நேரத்தில் சதை கரைந்து எண்ணெய் பழுப்பாகிவிடும். சட்டியில் தேடினாலும் மீன் அகப்படாது, ருசி மட்டும் இருக்கும். இதற்குமேல் முள் எடுத்த சாளை, அவித்து அரிந்த தழை, உலர்திராட்சை, பைன் விதை, கொஞ்சம் குங்குமப்பூ.

மேலே தூவ சீஸைத் தேடாதீர்கள். மீனோடு சீஸ் சேர்ப்பது சின்யோராவுக்குப் பாவம் செய்வது மாதிரி. அதற்குப் பதிலாகப் பழைய பாணை உதிர்த்து, எண்ணெய் விட்டுச் சிவக்க வறுத்த தூள். சீஸ் வாங்க வழியில்லாத ஏழைகளின் கைவேலை என்பார்கள். எனக்கென்னவோ சீஸைவிட இதுதான் பிடித்திருக்கிறது.

சுட்ட வாள்மீனுக்கு ஊற்றும் சல்மோரில்யோ என்ற சாறில் எண்ணெய், எலுமிச்சைச் சாறு, உள்ளி, ஓரிகானோ, பார்ஸ்லி, இவ்வளவுதான். கூட ஒரு கரண்டி சுடுதண்ணீரை விட்டு, வெளுத்துத் தடிக்கும்வரை முள்ளுக்கரண்டியால் அடிக்க வேண்டும். தண்ணீர் விடாவிட்டால் எண்ணெய் ஒரு பக்கம், புளிப்பு ஒரு பக்கமாக நிற்கும். விரல் மொத்தத் துண்டு சில நிமிடத்தில் வெந்துவிடும். எங்கள் வழக்கப்படி நின்று கொதிக்க விட்டால் காய்ந்து போகும். மெசினாப் பக்கத்தில் இதே மீனைத் தக்காளி, ஒலிவ் காய், செலரி, கேப்பர் மொட்டு போட்டுக் கூட்டு வைப்பார்கள். நம்மவர் கைக்குச் சட்டென்று பிடிபடுவது அதுதான். கேப்பர் பந்தெல்லேரியாத் தீவிலிருந்து உப்பில் வரும். நன்றாக ஊறவைத்து அலசினால் போதும். வினாகிரியில் போட்டது வாங்கிப்போனால் சின்யோரா போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அலுமாரிக்குள் வைத்துவிடுவார்.

பொத்தார்காவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சூரையின் சினைப்பையை உப்பிட்டு, அமுக்கி, உலர்த்தி எடுப்பது. த்ராபானிக் கரையிலும் ஃபவிஞ்ஞானாத் தீவிலும் இது பழைய தொழில். 1874இல் பலெர்மோ வணிகர்களான ஃபுளோரியோ குடும்பம் ஃபவிஞ்ஞானா அடங்கிய ஏகாடித் தீவுகளையே விலைக்கு வாங்கிச் சூரைத் தொழிலைப் பெருக்கியது; அவர்களுடைய தொழிற்சாலை இப்போது அருங்காட்சியகம். சார்டினியாவில் மடவைச் சினையில் செய்வார்கள், பொன்னிறமாக, சாந்தமாக இருக்கும். இங்குள்ளது கருஞ்சிவப்பு, உப்பும் மணமும் தூக்கல். கருவாட்டில் வளர்ந்த நாக்குக்குச் சூரைதான் சரி. இதை அடுப்பில் வைக்கக் கூடாது. உள்ளி வாசம் ஏறிய எண்ணெயில் ஸ்பகெத்தியைப் புரட்டி, சட்டியை இறக்கியபின் மேலே துருவினால் போதும். சூட்டில் கிடந்தால் கசக்கும். சமையலில் வேறு உப்பும் போடத் தேவையில்லை.

இறைச்சிப் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். நெப்ரோடி மலைக் காடுகளில் மேயும் கறுப்புப் பன்றி பேர்போனது. அதே பக்கத்துச் சாந்த் ஆஞ்செலோ தி புரோலோ ஊரின் சலாமியில் (உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சிச் சொசேஜ்) இறைச்சியை மெஷினில் அரைக்காமல் கத்தியால் கொத்துவார்கள். வெட்டினால் கொழுப்பு வெள்ளை வெள்ளையாகத் தனித்துத் தெரியும். 2008இல் அந்த ஊர்ப் பெயருக்கு, மற்றவர்கள் அதைப் போட்டு விற்க முடியாதபடி, ஐரோப்பியப் பாதுகாப்பும் கிடைத்தது. மீன் சமையலோடு இதைக் கலப்பதில்லை. சாப்பாட்டுக்கு முன் பாணோடு அப்படியே. என் கணவர் பன்றி தொடமாட்டார், ஆகவே சின்யோரா கட்டித் தருவது முழுவதும் எனக்கு.

கனடாவில், லண்டனில் இருப்பவர்களுக்குக் காட்டுத் தழை கிடைப்பது கடினம். கடைப் பெருஞ்சீரகக் கிழங்கின் தழையோடு, தட்டிய பெருஞ்சீரகம் ஒரு சிட்டிகை சேருங்கள். ஆஞ்சோவிக்கு எண்ணெயில் வரும் சின்னப் போத்தல் போதும். அலசவும் வேண்டாம், முள்ளும் இராது.