செவர்லே 350: கேம் மாற்றும்போது எந்த கேஸ்கெட்டை மறுபடி போடலாம்?

பச்சை_சி10 கேட்டது:

வண்டி 1978 செவர்லே சி10. 350 என்ஜின், ஹைட்ராலிக் ஃப்ளாட் டேப்பெட் (அடியில் ரோலர் இல்லாத லிஃப்டர்). 3ஆம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் லோப் (லிஃப்டரைத் தள்ளி வால்வைத் திறக்கும் கேம் தண்டின் புடைப்பு) தேய்ந்துவிட்டது. வால்வை அழுத்தும் ராக்கர் பாதிதான் அசைகிறது, கார்புரேட்டர் வழியாக பட் பட்டென்று அடிக்கிறது. ஹெட்டைக் கழற்றாமல் கேம் மட்டும் மாற்றலாம் என்றிருக்கிறேன். இன்டேக் கேஸ்கெட் போன வருஷம் போட்டது. வால்வு கவருக்கு இரும்புத் தகடு வைத்த ரப்பர் கேஸ்கெட். இரண்டையும் மறுபடி போடலாமா? மற்ற 15 லிஃப்டரும் பார்க்க நன்றாக இருக்கின்றன. கெட்டதை மட்டும் மாற்றினால் போதுமா?

புஷ்ராட்:

லிஃப்டரில் மிச்சம் பிடிக்காதீர்கள் நண்பரே. 16ம் புதிதாகத்தான் போட வேண்டும். லிஃப்டரின் அடி தட்டையாகத் தெரிந்தாலும் நடுவில் துளி மேடு உண்டு, லோபும் லேசாகச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில்தான் லிஃப்டர் சுழல்கிறது. பழைய லிஃப்டர் பழைய லோபோடு தேய்ந்து அந்த மேட்டை இழந்திருக்கும். புது கேமில் வைத்தால் சுழலாது, ஓரிரு மணி நேரத்திலேயே லோபைத் தின்றுவிடும்.

இன்டேக் கேஸ்கெட் ஒரு நாள் பழசானாலும் குப்பைக்குத்தான். ஒருமுறை நசுங்கியது மறுபடி உப்பாது. அந்த மூலைத் துளைகளில் கூலன்ட் நிற்கிறது. அங்கே கசிந்தால் இன்டேக்கின் அடியில் லிஃப்டர்கள் இருக்கும் பள்ளம் வழியாக நேராக ஆயிலில் கலந்து, புது கேமும் பேரிங்கும் போய்விடும். செட்டோடு வரும் முன் பின் கார்க் பட்டைகளைப் போடாதீர்கள், பிதுங்கி வெளியே வந்துவிடும். அந்த இரண்டு விளிம்பிலும் கால் இன்ச் உயரத்துக்கு ஆர்டிவி சிலிகான் இழுத்து, மூலைகளில் கேஸ்கெட்டின் மேல் அரை இன்ச் ஏற்றிவிடுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில் 30 அடி-பவுண்டுக்கு முறுக்கினால் போதும்.

வால்வு கவர் ரப்பர் வளைத்தால் விரியாமல், சிலிகான் ஒட்டாமல் இருந்தால் தாராளமாக மறுபடி போடலாம். கார்க் என்றால் கூடாது. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை இன்டேக்கோடேயே தூக்கிவிட்டால் அதற்கு கேஸ்கெட் வேண்டாம். ஹெட், எக்ஸாஸ்ட் பக்கம் கையே வைக்கப் போவதில்லை.

கட்டாயம் வாங்க வேண்டியவை: டைமிங் கவர் செட் (கிராங்க் முன் சீல் அதிலேயே வரும்), வாட்டர் பம்ப் கேஸ்கெட் இரண்டு, ஃப்யூயல் பம்ப் கேஸ்கெட், டிஸ்ட்ரிபியூட்டர் கேஸ்கெட், டைமிங் செயின் செட், லோபில் தடவும் கேம் பேஸ்ட், பிரேக்-இன் ஆயில் (புது கேமை முதலில் ஓட்டிப் பழக்குவதற்கு), ஃபில்டர் இரண்டு. ஃப்யூயல் பம்ப்பைக் கழற்றாமல் கேம் வெளியே வராது, அதன் ராட் கேமின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆயில்பேன்:

ஒன்றை விட்டுவிட்டீர்கள். தேய்ந்த லோபின் இரும்புத்தூள் எங்கே போனது? பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்பை விரித்துக் காந்தம் காட்டிப் பாருங்கள். மினுமினுவென்று தூள் ஒட்டினால் ஆயில் பேனை இறக்கியே ஆக வேண்டும். பேனையும் ஆயில் பம்ப் வலையையும் கழுவி, ஒன்றிரண்டு மெயின் பேரிங் கேப்பைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். சி10இல் மவுண்ட் போல்ட்டைக் கழற்றி என்ஜினைச் சற்றே தூக்க வேண்டிவரும். அலுப்பான வேலைதான், ஆனால் பேன் கேஸ்கெட்டும் புதிதாகிவிடும். டைமிங் கவரின் அடியில் வரும் ரப்பர் பட்டையை பேனோடு மல்லுக்கட்டி நுழைக்கும் தொல்லையும் இல்லை.

பச்சை_சி10:

நன்றி. பேன் கேஸ்கெட்டையும் சேர்த்துவிடுகிறேன். பார்த்து வைத்திருக்கும் கேமின் லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) 0.440 இன்ச். பழைய வால்வு ஸ்பிரிங் தாங்குமா?

புஷ்ராட்:

லிஃப்ட் தாங்கும். ஆனால் அத்தனை வருஷ ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், கம்பெனி அளவிலேயே புது செட் போடுங்கள். சிலிண்டரில் காற்றழுத்தம் ஏற்றி வால்வைத் தாங்கிப் பிடித்தால் ஹெட்டைக் கழற்றாமலே மாற்றிவிடலாம். கடுமையான டபுள் ஸ்பிரிங் வேண்டாம், பிரேக்-இன்னிலேயே லோப் போய்விடும்.

டைமிங் செயின் போடும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டின் புள்ளியும் எதிரெதிரே நின்றால் அது 6ஆம் சிலிண்டரின் ஃபயரிங் நிலை. டிஸ்ட்ரிபியூட்டரை 1க்கு வைத்து இறக்கும் முன் கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இதைத் தவறவிட்டால் ஸ்டார்ட் ஆகாமல் கிராங்க் அடித்துக்கொண்டே இருப்பீர்கள், அதற்குள் லோபில் தடவிய பேஸ்ட் வழிந்துவிடும்.

ஆயில்பேன்:

அதற்கும் முன்னால் டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாக ஆயில் பம்ப்பைச் சுற்றும் ப்ரைமிங் கம்பியை டிரில்லில் போட்டு ஆயில் ஏற்றுங்கள். காலர் உள்ள கம்பியாக வாங்குங்கள். காலர் இல்லாவிட்டால் டிஸ்ட்ரிபியூட்டர் துளையிலேயே ஆயில் ஒழுகி, வலப்பக்க லிஃப்டர்களுக்கு அழுத்தம் வராது. ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடக் கூடாது. லோபுக்கு கிராங்க் சிதறும் ஆயில்தான், மெதுவாகச் சுற்றினால் அது எட்டாது. உடனே 2000–2500 ஆர்பிஎம், 20 நிமிஷம், ஒரே அளவில் நிறுத்தாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். சாதாரண ஏபிஐ எஸ்பி தர 10டபிள்யூ-30 ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கும் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டாது, இந்த வேலைக்கு அது போதாது. ஓட்டி முடித்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்த ஃபில்டரையும் அறுத்துப் பாருங்கள்.