பிளாஸ்ட் கேட்டுக்கு 'மடை' போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுத் தச்சுப் பட்டறையின் தூசிக் குழாய்களுக்கு நாம் தேடும் தமிழ்ச் சொற்களில் பிளாஸ்ட் கேட் (ஒவ்வொரு மெஷினின் குழாயிலும் காற்றுவழியைத் திறந்து மூட நகர்த்தும் தகடு) மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. 'ஊதுகதவு', 'காற்றடைப்பான்' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை.

'ஊதுகதவு' ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தது. கொல்லுலைக்குக் காற்று ஊதும் குழாயில் அந்தப் பெயர் பொருந்தும். நம் குழாயில் எதுவும் ஊதுவதில்லை, உறிஞ்சுகிறது. 'அடைப்பான்' என்றால் பட்டறையில் குழப்பம்தான் வரும். இழைப்புச் சுருள் வளைவில் சிக்கிக்கொண்டால் அதை 'அடைப்பு' என்றுதான் சொல்கிறோம். அடைப்பானில் அடைப்பு என்று ஒருவர் தொலைபேசியில் சொன்னால் அடுத்தவர் என்ன புரிந்துகொள்வார்?

என் பரிந்துரை 'மடை'. தனியாகச் சொல்லும்போது தெளிவு வேண்டுமென்றால் 'காற்றுமடை'.

வயலில் மடை என்ன செய்கிறதோ அதையேதான் இந்தத் தகடும் செய்கிறது. வீட்டில் வைக்கும் தூசி உறிஞ்சிக்கு இரண்டு மூன்று மெஷினை ஒரே நேரத்தில் இழுக்கும் தெம்பு கிடையாது. அதனால் ஓடுகிற மெஷினின் தகட்டைத் திறந்துவிட்டு மற்றவற்றை மூடுகிறோம். வேலை டேபிள் சாவிலிருந்து (அறுக்கும் மெஷின்) பிளேனருக்கு (இழைக்கும் மெஷின்) போனால் இதைச் சாத்தி அதைத் திறக்கிறோம். தண்ணீர் பாய்ச்சுகிறவர் இதை 'மடை மாற்றுவது' என்பார். பெயர்ச்சொல்லோடு வினைச்சொல்லும் கைக்கு வந்துவிடுகிறது. 'ஊதுகதவு'க்கு அப்படி ஒரு வினையை யாரும் சொல்ல முடியாது.

நேற்று ஒருவர் நல்ல மறுப்பொன்றை எழுப்பியிருந்தார்: மடை நீரை வெளியே விடுவது, இங்கே தூசி உள்ளே அல்லவா வருகிறது? சரியான கேள்வி. ஏரியிலிருந்து வயலுக்குப் போகும் வாய்க்காலை மட்டும் நினைத்தால் திசை மாறித்தான் தெரியும். ஆனால் ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலும் இருக்கிறதே! நம் முதன்மைக் குழாய் அதுதான். பல இடத்திலிருந்து வருவதைச் சேர்த்து ஒரே இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. ஆகவே டக்ட் எனப்படும் அந்த முதன்மைக் குழாய்க்கு 'தூசிக்கால்', மெஷினுக்குப் பிரியும் குழாய்க்குக் 'கிளைக்கால்' என்று வைத்துக்கொள்ளலாம். பழந்தமிழில் 'கால்' என்றாலே காற்று என்றும் பொருள் உண்டு. வாய்க்காலும் காற்றும் ஒரே சொல்லில் கூடுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த நீர்ச்சொற்களை நான் அகராதியைப் புரட்டி எடுக்கவில்லை. போன ஆண்டு முதன்மைக் குழாயை 4 அங்குலத்திலிருந்து 6 அங்குலத்துக்கு மாற்றினேன். பெரிய குழாய் என்றால் நல்லது என்ற நினைப்பு. கிளைகளை 4 அங்குலமாகவே விட்டுவிட்டேன். மரத்தூள் குழாயில் படியாமல் ஓட நிமிடத்துக்கு ஏறக்குறைய 4000 அடி வேகம் வேண்டும். 4 அங்குலக் கிளையில் அந்த வேகத்தில் வருவது நிமிடத்துக்குச் சுமார் 350 கன அடிக் காற்று. அதே காற்று 6 அங்குலக் குழாய்க்குள் நுழைந்ததும் வேகம் 1800 அடிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒரு மாதம் கழித்து இணைப்பைக் கழற்றிப் பார்த்தேன். குழாயின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு, தொட்டால் மாவு போல ஒட்டும் தூள், வரிவரியாகப் படிந்து கிடந்தது. வாய்க்காலில் படிவது போலவே வண்டல்! பிளேனர் கிளையையும் 6 அங்குலமாக்கி, மாதம் ஒருமுறை அதைத் திறந்து ஓடவிட்ட பிறகுதான் தூசிக்கால் சுத்தமாயிற்று. கடையில் 110, 160 மி.மீ. பிவிசி என்று கேட்டால் இந்த இரண்டு அளவும் கிடைக்கும்.

மடை செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தகடு ஓடும் காடியின் (பள்ளத்தின்) மூலையில் தூள் திணிந்துவிடும். தகடு கடைசி அரை அங்குலம் மூடாது, விசில் சத்தம் வரும். காடியின் கடைசி முனையை வெளிப்பக்கம் திறந்தபடி வெட்டிவிடுங்கள். தகடே தூளைத் தள்ளி வெளியேற்றிவிடும்.

'தூசி'யா 'தூளா' என்ற கேள்விக்கு: கீழே விழுவது தூள், மிதந்து மூச்சோடு போவது தூசி. குழாய் இரண்டையும் கொண்டுபோகிறது. ஆனால் நாம் இவ்வளவு பாடுபடுவது தூசிக்காக. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் 1995இலேயே வைத்துவிட்டது. எனவே 'தூசிக்கால்' என்றே இருக்கட்டும்.

45 பாகையில் சேரும் இணைப்புக்கும் சொல் கேட்டிருந்தீர்கள். பிளம்பரும் கடைக்காரரும் 'ஒய்' என்கிறார்கள். எல்லாருக்கும் புரிகிறது. அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 'மடை'க்கு வேறு மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.