பீட்டிலுக்குக் கறுப்பா, சிவப்பா, பீடிங்குக்கு அடியில் கிடைத்த நீலமா?

மட்கார்ட்மாமா:
வணக்கம். இரண்டு வருடமாக ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைப் பிரித்துப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். பதிவுத் தாளில் 1966 என்று இருக்கிறது, பின்சீட்டுக்குக் கீழே இருக்கும் சேசிஸ் எண் 117 என்று தொடங்குகிறது. டிங்கரிங் முடியப் போகிறது, அடுத்து பெயின்ட். வாங்கும்போது வண்டி சிவப்பு. மட்கார்டுகளைக் கழற்றியபோது, பாடிக்கும் மட்கார்டுக்கும் நடுவில் வரும் பீடிங் என்ற பட்டையின் அடியில் ஒரு வெளிர்நீலம் எட்டிப் பார்த்தது. எனக்கு ஆசை கறுப்பு மேல். வீட்டில் சிவப்பே இருக்கட்டும் என்கிறார்கள். பெயின்டரோ "மெட்டாலிக் அடிங்க சார், தூக்கலா இருக்கும்" என்கிறார். ஆளுக்கொரு நிறம் சொன்னால் நான் எங்கே போவது? அடித்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பட்டிமன்றம்:
கறுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். பிரைமர் நிலையில் தடவிப் பார்த்தபோது வெண்ணெய் மாதிரி இருந்தது, கறுப்பு அடித்து பாலிஷ் போட்டு வெளியே தள்ளினால் கதவில் தெரிந்த டியூப்லைட் பாம்பு மாதிரி நெளிகிறது. கறுப்பு என்பது கண்ணாடி, நம் பட்டி வேலையை அப்படியே ஊருக்குக் காட்டிக் கொடுத்துவிடும். வெள்ளை, வெளிர்நீலம், பீஜ் எல்லாம் கொஞ்சம் மன்னிக்கும். பீட்டிலில் தட்டையான இடமே கிடையாது, எல்லாம் வளைவு, அந்த வளைவில் ஒரு அலை இருந்தாலும் கண் அங்கேதான் போகும். கறுப்புதான் வேண்டும் என்றால் பிரைமர் மேல் வேறு நிறத்தில் மெல்லிசாக ஒரு தூவல் அடித்து, நீளக் கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேயுங்கள். பள்ளத்தில் தூவல் அப்படியே நிற்கும், மேட்டில் போய்விடும். எங்கேயும் மிச்சம் நிற்காத வரைக்கும் இதையே செய்ய வேண்டும், இப்போது நினைத்திருப்பதைப் போல இரண்டு மடங்கு நாள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெட்டாலிக் வேண்டாம். அந்த வருடத்து பீட்டில் நிறப் பட்டியலில் அது கிடையவே கிடையாது என்பது ஒரு பக்கம். நாலு மட்கார்டும் தனியாகக் கழன்று வரும் வண்டி இது, கீழே படுக்க வைத்து அடித்த மட்கார்டும் நின்றபடி அடித்த பாடியும் ஒரே டப்பா பெயின்டாக இருந்தாலும் வேறு வேறு நிறமாகத் தெரியும், உள்ளே இருக்கும் அலுமினியத் துகள் படியும் கோணம் மாறிவிடுவதால்.

சேசிஸ்117:
உங்கள் தாளும் சரி, வண்டியும் சரி. 11 என்பது வண்டி வகை, அடுத்த 7 என்பது 1967 மாடல். அந்த மாடல் 1966 ஆகஸ்டிலேயே வர ஆரம்பித்துவிட்டது, குழப்பம் அவ்வளவுதான். அந்த வருட நீலத்தில், கம்பெனி நிற எண்ணோடு சொன்னால், எல்639 ஜெனித் புளூ வெளிர், எல்633 வி.டபிள்யூ புளூ அதைவிட அடர்த்தி. உங்களுடையது முதலாவதாக இருக்கலாம், ஆனால் கண்ணை நம்பி முடிவு கட்டாதீர்கள். பீடிங் அடியில் இருந்த பெயின்டில் அழுக்கும் ரப்பர் கறையும் ஏறியிருக்கும். வெயிலே படாத ஒரு இடம் பிடித்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துவிட்டு, பெயின்ட் கலக்கும் இடத்தில் நிறத்தை அளக்கும் நிறமானியை வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். வுல்ஃப்ஸ்பர்க்கில் இருக்கும் ஃபோக்ஸ்வாகன் அருங்காட்சியக அறக்கட்டளை சேசிஸ் எண்ணை வைத்துப் பிறப்புச் சான்றிதழ் கொடுக்கிறது, ஆலையை விட்டு எந்த நிறத்தில் கிளம்பியது என்று அதில் வரும். பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு அதைப் பிரித்துப் படிப்பதே ஒரு சுகம்.

என் ஓட்டு நீலத்துக்கு.

நாலுசிலிண்டர்:
ஒரிஜினல் ஒரிஜினல் என்று ரொம்ப மிரட்ட வேண்டாமே. எல்41 கறுப்பும் எல்456 ரூபி சிவப்பும்கூட அதே வருடப் பட்டியலில் உண்டு, அடித்தால் யாரும் அடிக்க வரமாட்டார்கள். ஃபோர்ட் மாடல் டி 1914இலிருந்து 1925 வரை கறுப்பில் மட்டும்தான் கிடைத்தது, அந்த மாதிரி வண்டி என்றால் வாயை மூடிக்கொள்ளலாம். இது அப்படியா?

ஆனால் ஒன்று கேட்கிறேன் மாமா, டேஷ்போர்டு என்ன நிறம்? இந்த வண்டியில் டேஷ் தகரம், பாடி நிறத்திலேயேதான் வரும். கதவு ஓரம், முன்டிக்கி, எஞ்சின் அறை எல்லாம் அப்படித்தான். நிறம் மாற்றுவது என்றால் அதையெல்லாம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கதவைத் திறந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும். அப்புறம் பதிவுத் தாளில் நிறம் எழுதியிருந்தால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிழலும்வெயிலும்:
எதை எடுத்தாலும் அட்டையில் இருக்கும் தபால்தலை அளவு நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். ஒரு பழைய மட்கார்டில் முழுசாக அடித்து, காலை வெயில், உச்சி வெயில், மேகமூட்டம், இரவு விளக்கு நாலிலும் பாருங்கள். விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு நீலம் வெயிலில் வேறு வேறாக நிற்கும். அடியில் வரும் பிரைமரும் வண்டிக்கு அடிக்கப் போகும் அதே பிரைமராக இருக்கட்டும், சிவப்பு அடிப்பதாக இருந்தால் இது ரொம்ப முக்கியம், சாம்பல் மேல் ஒரு சிவப்பு, வெள்ளை மேல் ஒரு சிவப்பு என்று வந்து நிற்கும்.

மட்கார்ட்மாமா:
எல்லோருக்கும் நன்றி. நாலுசிலிண்டர் கேட்டதும் இன்று காலை கிளவ் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. டேஷில் சிவப்பு மெல்லிசாக ஒரு கோட்டு, நகத்தால் கீறினால் நீலம். முன்டிக்கிக்குள் சிவப்பே போகவில்லை. யாரோ வெளியே மட்டும் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படியானால் நீலமே, வேலையும் குறைவு. சிவப்பு கேட்டவர்களிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும், தாளில் நிறம் மாற்றும் வேலை வேறு. இன்னொரு சந்தேகம், மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத பளபளப்பு அடுக்கு, வேண்டுமா?

பட்டிமன்றம்:
வேண்டாம். இந்த மாதிரி மெட்டாலிக் இல்லாத பழைய நிறத்துக்கு ஒரே அடுக்கில் நிறமும் பளபளப்பும் சேர்ந்து வரும் பெயின்ட் போதும், கிளியர் போட்டால் புது வண்டிக் களை வந்துவிடும். பாலிஷ் போடும்போது துணியில் நீலம் ஒட்டும், பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். முழு வண்டிக்குமான பெயின்டை ஒரே தடவையில் கலக்கி வாங்கி, கொஞ்சம் மிச்சம் வையுங்கள். பெயின்டை இறுக வைக்கும் ஹார்டனர் சேர்த்து அடிப்பதாக இருந்தால் அதில் ஐசோசயனேட் என்ற, நுரையீரலைக் கெடுக்கும் ரசாயனம் இருக்கும், சாதாரண துணி மாஸ்க் எல்லாம் எதற்கும் ஆகாது, வெளிக்காற்று வரும் முகமூடி இல்லாமல் பெயின்டரை உள்ளே விடாதீர்கள். மட்கார்டு சாம்பிள் காய்ந்ததும் படம் போடுங்கள், வெயிலில் எடுத்தது.